112 கிலோ எடை, மூன்று பழைய சைக்கிள்கள்: எதை வாங்கலாம்?

வாசகரின் கடிதம், சுருக்கமாக: அவருக்கு வயது 41, உயரம் 178 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில் மலைச் சைக்கிளில் சில ஆண்டுகளாகக் காட்டுப் பாதைகளில் ஓட்டிவருகிறார். வேரும் கல்லுமான இறக்கங்களில் கீழ்முதுகு வலிக்கிறது. பின்சக்கரத்தில் ஸ்போக்குகள் அடுத்தடுத்து அறுந்துபோகின்றன. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு மாற விரும்புகிறார். புதிது வாங்கக் கையில் பணம் போதாததால், பழைய வண்டிகளில் மூன்றைப் பார்த்துவைத்து, படங்களுடன் விவரம் அனுப்பியிருக்கிறார். முதலாவது, 200 மி.மீ. டிராவலும் (சக்கரம் மேலே எழும்பக்கூடிய தூரம்) காயில் ஸ்பிரிங்கும் (உலோகச் சுருள்) 26 அங்குலச் சக்கரங்களும் கொண்ட பழைய டவுன்ஹில் வண்டி. எடை 18 கிலோ. இரண்டாவது, கார்பன் ஃபிரேம் கொண்ட 100 மி.மீ. கிராஸ்கன்ட்ரி வண்டி, எடை 11 கிலோ. மூன்றாவது, ஐந்து ஆண்டு ஓடிய அலுமினிய டிரெயில் வண்டி. முன்னால் 140, பின்னால் 130 மி.மீ. டிராவல், எடை 15 கிலோ. இதன் ஷாக்கை (பின்சக்கர அதிர்வைத் தாங்கும் பாகம்) ஒருமுறைகூடச் சர்வீஸ் செய்ததில்லை என்று விற்பவரே சொல்லியிருக்கிறார்.

“கனமான ஆளுக்கு டிராவல் கூடுதலாக இருந்தால்தானே தாங்கும்? கார்பனைத் தொடவே கூடாது என்கிறார்களே, அது சரியா? பலத்துக்காக ஒரு சைஸ் பெரிய ஃபிரேம் எடுக்கலாமா? அல்லது முதலில் எடையைக் குறைத்துவிட்டுப் பிறகு வாங்குவதுதான் முறையா?” என்று கேட்கிறார். கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறார்: “மூன்று பேரிடமும் என் எடை 95 கிலோ என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.”

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்த எண்ணைப் பொறுத்தே இருக்கிறது. 95 கிலோ என்று கேட்டுக்கொண்டு ஒருவர் “தாராளமாகத் தாங்கும்” என்று சொன்னால், அந்த உறுதி 95 கிலோ எடையுள்ள வேறொருவருக்குப் பொருந்துமே தவிர உங்களுக்கு உதவாது. சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிற எங்களுக்கு ஓட்டுபவரின் எடை என்பது, ஷாக்கில் எவ்வளவு காற்று அடிப்பது, சக்கரத்துக்கு எத்தனை ஸ்போக் போடுவது, எந்த அளவு பிரேக் டிஸ்க் பொருத்துவது என்று முடிவுசெய்யத் தேவைப்படும் ஓர் அளவு. உயரத்தைக் கேட்பது போலத்தான் அதையும் கேட்கிறோம். ஆகவே இனிமேல் விற்பவரிடமும் மெக்கானிக்கிடமும் 112 என்றே சொல்லுங்கள்.

எடையைக் குறைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் ஸ்போக் அறுகிற, முதுகை உலுக்குகிற பழைய வண்டியிலேயே கழியும். அல்லது ஓட்டுவதே நின்றுபோகும். சுருளுக்குப் பதில் காற்றே ஸ்பிரிங்காக இருக்கும் ஏர் ஷாக் உள்ள வண்டியில், எடை குறையக் குறையக் காற்றைச் சிறிது இறக்கிக்கொண்டால் போதும். உடல்நலக் காரணங்களுக்காக எடை குறைப்பது வேறு விஷயம். அதைப் பற்றியும், தொடர்ந்து வரும் முதுகுவலியைப் பற்றியும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பின் சஸ்பென்ஷன் அதிர்ச்சியைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் வலிக்குக் காரணம் அதிர்ச்சிதானா என்பதை நான் சொல்ல முடியாது.

எடை வரம்பைப் படிக்கும் முறை

சைக்கிள் நிறுவனங்கள் கையேட்டில் ஓர் எடை வரம்பைக் குறிப்பிடுகின்றன. அதை ஓட்டுபவரின் உடல் எடை என்று எடுத்துக்கொண்டு, “120 என்று போட்டிருக்கிறது, நான் 112தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கையேடுகளில் அந்த எண் மொத்த எடையைக் குறிக்கிறது. அதாவது ஓட்டுபவர், உடை, ஹெல்மெட், காலணி, தண்ணீர், பை, கருவிகள், இவற்றோடு சைக்கிளும் சேர்ந்தது. எடுத்துக்காட்டாக, ட்ரெக் நிறுவனம் தன் மலைச் சைக்கிள்களுக்குக் கூறும் 136 கிலோ, அதாவது 300 பவுண்டு, இவ்வாறான மொத்த எடைதான். சில நிறுவனங்கள் உடல் எடையை மட்டும் தனியாகச் சொல்வதும் உண்டு என்பதால், எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல் அதற்கு மேலும் கீழும் உள்ள வாக்கியங்களையும் படிக்க வேண்டும்.

உங்கள் உடைமைகளுக்கு 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், வண்டியில் ஏறுவது 118 கிலோ. டவுன்ஹில் வண்டியோடு சேர்த்தால் 136, கிராஸ்கன்ட்ரி வண்டியோடு 129, டிரெயில் வண்டியோடு 133. கிராஸ்கன்ட்ரி வண்டியின் கையேடு மொத்தம் 120 என்கிறது. நீங்கள் 9 கிலோ மிஞ்சுகிறீர்கள். டிரெயில் வண்டியின் கையேடு 136 என்கிறது. 3 கிலோ மீதம் இருக்கிறது. டவுன்ஹில் வண்டிக்குக் கையேடே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

வரம்பைத் தாண்டினால் மறுநாளே ஃபிரேம் முறிந்துவிடும் என்று பொருள் இல்லை. அலுமினியத்தில் ஒவ்வொரு அடியும் மிகச் சிறிய களைப்பை விட்டுச்செல்கிறது. எடை கூடக்கூட அந்தக் களைப்பு வேகமாகச் சேர்ந்து, பற்றுவைத்த இடத்தில் ஒருநாள் விரிசலாக வெளிப்படுகிறது. நிறுவனம் எந்த அளவு வரை பொறுப்பேற்கிறதோ அதற்கு அப்பால் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் சொந்தப் பொறுப்பு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எடை வரம்பு பயன்பாட்டுப் பிரிவோடு சேர்ந்தே பொருள்படும். பல நிறுவனங்கள் பின்பற்றும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற தரநிலையின் பயன்பாட்டுப் பிரிவுகளில், மூன்றாம் பிரிவு கரடுமுரடான பாதைகளையும் 61 சென்டிமீட்டர் வரையிலான குதிப்புகளையும் அனுமதிக்கிறது. நான்காம் பிரிவு 122 சென்டிமீட்டர் வரை போகிறது. நீங்கள் பார்த்த டிரெயில் வண்டி மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. வரம்பின் விளிம்பில் இருக்கும் உங்களுக்கு அதன் பொருள், வேர்களிலும் கற்களிலும் தயங்காமல் ஓட்டலாம், உயரமான இடங்களிலிருந்து குதிக்கக் கூடாது என்பதே.

ஃபிரேமின் வரம்போடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பெடல், சீட், சக்கரம், ஹேண்டில்பார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கிறது, அவற்றில் எது மிகக் குறைவோ அதுவே வண்டியின் உண்மையான வரம்பு. பழைய உரிமையாளர் எடை குறைப்பதற்காக டைட்டானியம் அச்சு கொண்ட பெடலோ கார்பன் தண்டு கொண்ட சீட்டோ மாற்றியிருந்தால், அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண உருக்குப் பாகங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிராவலும் தாங்கும் திறனும்

டிராவல் கூடினால் தாங்கும் திறன் கூடும் என்ற எண்ணம் மிகவும் பரவலானது, ஆனால் அது தவறு. டிராவல் என்பது சக்கரம் எவ்வளவு தூரம் மேலே எழும்ப முடியும் என்பது மட்டுமே. உங்கள் எடையை அந்தத் தூரத்துக்குள் தாங்கிப் பிடிப்பது ஸ்பிரிங், அது உலோகச் சுருளானாலும் சரி, காற்றானாலும் சரி. ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்தாவிட்டால் 200 மி.மீ. டிராவலும் அடிவரை அமுங்கி, கடைசியில் உலோகத்தில் உலோகம் இடிக்கும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டவுன்ஹில் வண்டியின் சுருளில் 350 × 3.0 என்று அச்சிட்டிருக்கிறது. முதல் எண், அந்தச் சுருளை ஓர் அங்குலம் அமுக்க 350 பவுண்டு விசை தேவை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, ஷாக் அமுங்கும் தூரம் 3 அங்குலம் என்பதைச் சொல்கிறது. அந்த அமைப்பில் உங்கள் எடைக்கு 500 பவுண்டு வாக்கில் உள்ள சுருள் வேண்டும்; 350 என்பது ஏறத்தாழ 80 கிலோவுக்கு உட்பட்டவருக்கானது. விற்பவர் “மோதிரத்தை இறுக்கினால் கெட்டியாகிவிடும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சுருளுக்கு மேலுள்ள மோதிரத்தை இறுக்குவதால் சுருளின் கடினம் மாறாது. அது அமுங்கத் தொடங்கும் இடம் மட்டும் தள்ளிப்போகும். ஓரிரு சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் சுருள் தவறானது என்பதே அதன் பொருள்.

சுருளை மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றலாம், ஆனாலும் அந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். டவுன்ஹில் வண்டி இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஏற்றத்துக்கான சிறிய கியர் அதில் இருக்காது, சீட்டைப் போதிய உயரத்துக்கு ஏற்றவும் முடியாது. நீங்களோ இரண்டு மணிநேரம் ஏறி இறங்கும் பாதைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கு நல்ல டயரும் ரிம்மும் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. பின்சக்கர அச்சில் 148 மி.மீ. பூஸ்ட் அளவு 2014க்குப் பிறகும், ஷாக்கில் மெட்ரிக் அளவுகள் 2016க்குப் பிறகும் பரவின. அவற்றுக்கு முந்தைய வண்டியில் ஒரு பாகம் போனால், தேடி அலைவது உங்கள் வேலையாகிவிடும்.

ஷாக்கில்தான் முடிவு இருக்கிறது

உங்களைப் போன்ற கனமான ஓட்டுநர் பழைய ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி வாங்கும்போது வேறு எதைவிடவும் அதிக நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது பின் ஷாக். அதற்கு முன் ஒரு சிறிய கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பின்சக்கரத்தின் டிராவலை ஷாக்கின் அமுங்கு தூரத்தால் வகுங்கள். கிடைக்கும் எண்ணை நெம்பு விகிதம் என்று வைத்துக்கொள்வோம். கடப்பாரையின் கைப்பிடிப் பக்கம் நீளமாகும்தோறும் மறுமுனையில் விசை பெருகுவதுபோல, இந்த விகிதம் கூடக்கூட உங்கள் எடை ஷாக்கின்மேல் பல மடங்காகி விழுகிறது. நீங்கள் பார்த்த டிரெயில் வண்டியில் ஷாக்கின் அளவு 210 × 55. எனவே 130ஐ 55ஆல் வகுத்தால் 2.36. இதே போன்ற தோற்றமுள்ள வேறொரு வண்டியில் 140 மி.மீ. டிராவலும் 50 மி.மீ. ஷாக்கும் இருந்தால் விகிதம் 2.8 ஆகும். அதே ஆள், அதே பாதை, ஆனால் ஷாக்கின்மேல் விழும் விசை ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதல்.

ஏர் ஷாக்குக்குத் தொடக்க அழுத்தமாக, உடைமைகளோடு சேர்ந்த உங்கள் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அடிப்பது வழக்கம். 118 கிலோ என்பது 260 பவுண்டு. ஆகவே 260 பிஎஸ்ஐயில் தொடங்குவீர்கள். ஷாக்கின் உச்ச அழுத்தம் அதன் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஃபாக்ஸ் நிறுவனத்தின் பல ஏர் ஷாக்குகளில் அது 350, வேறு சிலவற்றில் 300 அல்லது 325. விகிதம் 2.36 உள்ள வண்டியில் 260 என்றால் மேலே போதிய இடம் இருக்கிறது. விகிதம் 2.8 உள்ள வண்டியில் அதே அமிழ்வை (நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் தூரம்) பெற 310 வரை போக வேண்டியிருக்கும். சில ஷாக்குகள் அங்கேயே திணறிவிடும். டிராவலும் எடையும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

வண்டியைப் பார்க்கப் போகும்போது 300 பிஎஸ்ஐக்கு மேல் காட்டக்கூடிய ஷாக் பம்ப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். டயருக்கு அடிக்கும் பம்ப் உதவாது. பம்பை மாட்டியதும் முள் சிறிது இறங்கினால் பதற வேண்டாம். ஷாக்கிலிருந்த காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் போயிருக்கிறது, அவ்வளவே. கழற்றும்போது வரும் ‘உஸ்’ என்ற சத்தமும் குழாயின் காற்றுதான். 260 வரை ஒரே மூச்சில் அடிக்காமல், 50 பிஎஸ்ஐ கூடும்தோறும் நிறுத்தி, சீட்டை அமுக்கி ஷாக்கைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். உள்ளே எதிர்ப்பக்கம் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது, அது நிறைந்து சமநிலைக்கு வந்தால்தான் முள் காட்டும் எண் உண்மையானது.

பிறகு ஹெல்மெட், பை, நிறைந்த தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாவற்றோடும் ஏறி, சுவரில் ஒரு கையை ஊன்றி உட்காருங்கள். ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, குலுங்காமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். 55 மி.மீ. ஷாக்கில் 30 சதவீதம் என்பது 16.5 மி.மீ.; அந்த அளவுக்கு அருகில் அமிழ்ந்தால் சரி. உச்ச அழுத்தத்தை நெருங்கியும் 20 மி.மீ.க்கு மேல் அமிழ்ந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது திரும்பும் வேகம். காற்றழுத்தம் கூடும்போது ஷாக் வேகமாக மேலே உதைக்கும், அதைக் கட்டுப்படுத்துவது சிவப்புத் திருகு. அதை முழுவதும் ‘மெதுவாக’ என்ற பக்கம் திருகியபின் சீட்டை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஷாக் ஆமை வேகத்தில் எழுந்தால் நல்லது. அங்கிருந்து உங்களுக்குத் தேவையான அளவுக்குத் திறந்துகொள்ளலாம். முழுவதும் மூடிய நிலையிலும் துள்ளி எழுந்தால், ஒன்று உள்ளே எண்ணெய் தீர்ந்திருக்கிறது, அல்லது ஷாக்கின் உட்புறம் இலகுவான ஓட்டுநருக்கென்று அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது காரணம் என்றால் சஸ்பென்ஷன் வல்லுநர் ஒருவரிடம் கொடுத்து உள்ளிருக்கும் மெல்லிய வில்லைகளை மாற்றி அமைக்கலாம். அமுக்கும்போது சளக் சளக் என்று சேற்றில் மிதிப்பதுபோல் ஒலி வந்தால் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. அமுங்கிய ஷாக் மேலே வராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டால் உள் சீல் போய்விட்டது. அதை யாரும் வீட்டில் திறக்கக் கூடாது, உள்ளே சிறைப்பட்ட காற்று ஆளைக் காயப்படுத்தும்.

சர்வீஸ் செய்ததே இல்லை என்று விற்பவர் நேர்மையாகச் சொன்னது உங்களுக்குச் சாதகமானது. முழுச் சர்வீஸை 125 மணிநேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது ஃபாக்ஸ். ராக்‌ஷாக்ஸ் என்ற மற்றொரு நிறுவனம் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) கீழ்க் கால்களை 50 மணிநேரத்துக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஐந்து ஆண்டு என்றால் இவை எல்லாம் விட்டுப்போயிருக்கின்றன. எனவே ஷாக், ஃபோர்க் இரண்டின் முழுச் சர்வீஸுக்கும் ஒரு பட்டறையில் செலவு கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஷாக் தண்டில் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள்; நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ மேற்பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தாலோ, சர்வீஸ் செய்தும் பயன் இல்லை, தண்டையோ முழு ஷாக்கையோ மாற்ற வேண்டிவரும்.

கார்பன், அலுமினியம், ஃபிரேமின் அளவு

கனமானவர்கள் கார்பனைத் தொடவே கூடாது என்பது சரியல்ல. நன்றாகச் செய்த கார்பன் ஃபிரேம் திரும்பத் திரும்ப வரும் சுமையை அலுமினியத்தைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் கல்லில் மோதிய ஓர் அடி உள்ளே இழைகளைப் பிரித்துவிட்டு வெளியே பெயின்டில் சிறு கோடாக மட்டும் தெரியலாம். முந்தைய உரிமையாளர் எங்கே விழுந்தார் என்று தெரியாத பழைய வண்டியில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். அலுமினியம் தன் குறையை வெளியே காட்டிவிடும். பழையது வாங்கும்போது அலுமினியத்தை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். கிராஸ்கன்ட்ரி வண்டியை நான் ஒதுக்குவதும் அதன் கார்பனுக்காக அல்ல. எடை வரம்பு, 32 மி.மீ. ஃபோர்க் கால்கள், 28 ஸ்போக், 160 மி.மீ. டிஸ்க் எல்லாமே உங்கள் எடைக்கு மெலிந்தவை. ஃபோர்க் கால்கள் 34 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 35 அல்லது 36 இருக்கட்டும்.

ஒரு சைஸ் பெரிய ஃபிரேம் பலமாக இருக்காது. குழாய்கள் நீள்கின்றன, அவ்வளவுதான். 178 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பல நிறுவனங்களின் அட்டவணையில் மீடியம் அல்லது லார்ஜ் வரும். அதற்கு மேலே போனால் கை எட்டாமல் முன்னோக்கிக் குனிவீர்கள், அது முதுகுக்கு நல்லதல்ல.

சக்கரமும் பிரேக்கும்

உங்கள் ஹார்டுடெயிலில் ஸ்போக்குகள் அறுந்ததற்கு எடையே முழுக் காரணம் என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்கள். ஸ்போக் பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. இழுவிசை குறைவாகவும் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கும் சக்கரத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஸ்போக் தளர்ந்து இறுகி, ஹப்பை ஒட்டிய வளைவில் களைத்துப்போய் அறுகிறது. எடை அதை விரைவுபடுத்துகிறது. அறுந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் அடுத்தது அறும். டிரெயில் வண்டியின் பின்சக்கரத்தில் 32 ஸ்போக் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு அடுத்தடுத்த இணைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஒன்று தொய்ந்தும் ஒன்று விறைத்தும் இருந்தால், சக்கரம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து முழுவதும் இழுவிசை சரிசெய்யுங்கள். டயர் 2.4 அங்குலத்துக்குக் குறையாமல், பக்கச்சுவர் தடித்ததாக, டியூப் இல்லாமல் போடுவது நல்லது; பின்னால் 30 பிஎஸ்ஐ வாக்கில் தொடங்கி, ரிம் கல்லில் இடிக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாது. இறக்கத்தில் நீங்கள் விடும் உயரம் முழுவதும் கடைசியில் பிரேக்கில் வெப்பமாகத்தான் வந்து சேர்கிறது. 133 கிலோ மொத்த எடை 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1,30,000 ஜூல். மொத்தம் 90 கிலோ உள்ளவருக்கு வருவதைப் போல் ஒன்றரை மடங்கு. இதில் ஒரு பகுதி காற்றுத் தடையில் போகும் என்றாலும், மெதுவாக இறங்கும் செங்குத்தான பாதையில் பெரும்பகுதி டிஸ்கில்தான் சேரும். சூடேறிய பிரேக்கின் லிவர் கைப்பிடிவரை வந்து, வண்டி நிற்காமல் போவது பயங்கரமான அனுபவம். படத்தில் உள்ள வண்டியில் இருபுறமும் 180 மி.மீ. டிஸ்கும் இரண்டு பிஸ்டன் காலிப்பரும் தெரிகின்றன. முன்னால் 203 மி.மீ. டிஸ்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபோர்க் எந்த அளவு வரை டிஸ்கை அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இந்தச் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

நேரில் பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைப் பாருங்கள். சேற்றோடு இருப்பதைக் காட்டினால், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு பெரிய குழாய்கள் சேரும் இடம், சீட் குழாயும் மேற்குழாயும் சேரும் இடம், ஷாக் பொருத்திய இடம், பின் கைகளின் பற்றுகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய முடிபோன்ற கோடு பற்றை ஒட்டி ஓடினால், அது பெயின்ட் என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

சீட்டின் பின்முனையைப் பிடித்து மிக மெதுவாக, பின்சக்கரம் தரையை விட்டு எழாத அளவுக்கு, தூக்கித் தூக்கி விடுங்கள். ‘டொக்’ என்று சிறிய ஆட்டம் கையில் தட்டுப்பட்டால், மற்றொரு கையின் விரலை ஷாக்கின் இரு முனைகளிலும் இணைப்புகளிலும் மாற்றி மாற்றி வைத்தால் ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். ஷாக் முனையின் புஷ் தேய்ந்திருந்தால் செலவு சிறியது. பின் கைகளைப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் தொகுதி முழுவதும் மாற்ற வேண்டும். அந்த மாடலுக்குப் பேரிங் தொகுதி இன்னும் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஃபோர்க்கின் மேற்பகுதியில், கால்கள் பொருத்திய கிரவுனில், கிரீச் என்ற ஒலி வந்தால் அழுத்திப் பொருத்திய இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதை எண்ணெய் விட்டுச் சரிசெய்ய முடியாது, அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும், அதன் விலை அதிகம். கனமானவர்கள் ஓட்டும் வண்டியில் இது சீக்கிரமே வரும் என்பதால், இப்போதே ஒலித்தால் விட்டுவிடுங்கள்.

செயினும் பல்சக்கரமும் தேய்ந்திருப்பது இயல்பு, விலையில் பேசிக்கொள்ளலாம். ஹேண்டில்பாரை மட்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், புதிய அலுமினியத்துக்கு மாற்றிவிடுங்கள். அது ஓடும்போது முறிந்தால் முகம்தான் தரையில் மோதும்.

உத்தரவாதமும் உரிமையும்

நிறுவனத்தின் ஃபிரேம் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. “வாழ்நாள் உத்தரவாதம் இருக்கிறது” என்ற விற்பவரின் பேச்சுக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். பெடல் அச்சுப் பெட்டியின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து, அது திருடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா, அந்த மாடலை நிறுவனம் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதல் ரசீதின் நகலோடு, வரிசை எண், தேதி, தொகை, ஃபிரேமில் விரிசலோ பழுதுபார்ப்போ இல்லை என்று விற்பவர் கூறியது ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தனிநபர் விற்பனையில் பிற்பாடு சண்டை வந்தால் கையில் இருக்கும் சான்று இந்தத் தாள் ஒன்றுதான்.

மூன்றில் எனக்கு மூன்றாவது வண்டிதான் சரியாகப் படுகிறது, ஆனால் மேலே சொன்ன அமிழ்வுச் சோதனையிலும் கிரவுன் சோதனையிலும் தேறினால் மட்டும். கையில் உள்ள மொத்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்கையாவது சர்வீஸ், பிரேக், சக்கரம், ஹேண்டில்பார் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டி அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால், உங்கள் ஹார்டுடெயிலின் பின்சக்கரத்தை 32 ஸ்போக்கோடு புதிதாகக் கட்டி, அகலமான டயர் போட்டுக்கொண்டு இன்னும் சில மாதம் ஓட்டுவது, பொருந்தாத ஃபுல் சஸ்பென்ஷனை அவசரப்பட்டு வாங்குவதைவிடப் பாதுகாப்பானது.

வாங்கிவிட்டால், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மூன்று வேலைகள் இருக்கின்றன. இணைப்புகளின் போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால், கையேட்டில் சொன்ன அளவுக்கு, ஒருமுறை சரிபாருங்கள். பின்சக்கரத்தின் ஸ்போக் இழுவிசையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்; புதிதாகச் சரிசெய்த சக்கரம் முதலில் சற்றுத் தளரும். ஓட்டம் முடிந்ததும் ஷாக் தண்டில் வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: ஒவ்வொரு முறையும் கடைசி வரை தள்ளப்பட்டிருந்தால், அமிழ்வு சரியாக இருக்கும் பட்சத்தில் காற்றை மேலும் ஏற்றாமல், ஷாக்கின் உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், அது காற்றறையைச் சிறிதாக்கி, அமுக்கத்தின் கடைசிப் பகுதியை மட்டும் கெட்டியாக்கும்.